வால் ஆடுது சரி, உடம்பு என்ன சொல்லுது?

[காட்சி: கம்பம். இன்னும் விடியல. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்துற ஜீப்புகள். தெருவிளக்கடியில நாலு நாட்டு நாய்.]

நாய்க்கடி வாங்குனவங்க கிட்ட விசாரிச்சுப் பாருங்க. "வாலை ஆட்டிக்கிட்டுத்தான்யா வந்துச்சு, பொசுக்குன்னு கடிச்சிருச்சு"ம்பாங்க. அவங்க பொய் சொல்லல, அது வாலை ஆட்டித்தான் இருக்கும். வால் ஆடுனா நாய்க்குள்ள ஏதோ ஒரு வேகம் ஏறியிருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். அது சந்தோஷமா, பதற்றமா, சண்டைக்கான முறுக்கான்னு மிச்ச உடம்பைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும்.

கம்பம், கூடலூர், போடி பக்கத்துல இருந்து இருட்டோட கிளம்பி மலைக்குப் போறவங்களுக்கு இது தினப்படி விஷயம். கீழ தெரு நாய், மேல போனா எஸ்டேட் லயத்து (தொழிலாளர் குடியிருப்பு) நாய். அதனால இந்த வீடியோ முதல்ல உங்களுக்குத்தான்.

[காட்சி: ரெண்டு நாய், பக்கத்துப் பக்கத்துல. ஒண்ணு குழையுது. ஒண்ணு விறைச்சு நிக்குது.]

இடது பக்கம் இருக்கறதைப் பாருங்க. வால் அகலமா, தளர்வா ஆடுது. அதோட இடுப்பும் சேர்ந்து ஆடுது, உடம்பே வளைஞ்சு நெளியுது. வாய் லேசா திறந்திருக்கு, காது பின்னால சாஞ்சிருக்கு. நாய் குழையுதுன்னு நாம சொல்றது இதைத்தான்.

வலது பக்கம் இருக்கறதுக்கும் வால் ஆடுது. ஆனா வால் உசந்து விறைச்சு, நுனி மட்டும் வெடுக்கு வெடுக்குன்னு துடிக்குது. வாய் மூடியிருக்கு. உடம்பு பாரம் முழுக்க முன்னங்கால்ல. கண்ணு உங்க மேலயே குத்திட்டு நிக்குது. இந்த நாய்கிட்ட "ச்சூ ச்சூ"ன்னு கையை நீட்டாதீங்க.

கெஞ்சும்போது ஒரு மாதிரி, மிரட்டும்போது அதுக்கு அப்படியே நேரெதிரா நாயோட உடம்பு மாறும்னு சார்லஸ் டார்வின் 1872-லயே படம் போட்டு எழுதியிருக்கார். மிரட்டுறப்ப உசந்து பெருசாகும், பணியுறப்ப தாழ்ந்து சின்னதாகும்.

வால் விஷயத்துல இன்னொரு வேடிக்கை உண்டு. 2007-ல இத்தாலியில ஆராய்ச்சி பண்ணுனவங்க, வளர்த்தவரைப் பார்த்ததும் நாயோட வால் அதோட வலப்பக்கமா கொஞ்சம் கூடுதலா ஆடுதுன்னும், முரட்டு அந்நிய நாயைப் பார்த்தா இடப்பக்கமா சாயுதுன்னும் கண்டாங்க. கேக்க நல்லா இருக்கு. அதுக்காக ஜீப் நிறுத்தத்துல நின்னு இடமா வலமான்னு கணக்குப் போட்டுக்கிட்டு இருக்காதீங்க. விறைப்பா, தளர்வா? உங்களுக்கு அது போதும்.

எல்லா நாய்க்கும் ஒரே அளவுகோலும் கிடையாது. நாட்டு நாய் நிறையத்துக்கு வால் முதுகுப் பக்கமா சுருண்டேதான் இருக்கும், அதைப் பார்த்துத் திமிருன்னு நினைச்சிடக் கூடாது. சிப்பிப்பாறை மாதிரி ஒல்லி வேட்டை நாய் சும்மா நிக்கும்போதே வால் கீழ தொங்கும், அது பயம் இல்லை. நம்ம பக்கத்துக் கோம்பை நாய் கருவாய்ச் செவலை. முகம் கருப்பா இருக்கறதால உதடு சுருங்குறது இருட்டுல கண்ணுக்கே படாது, அதுகிட்ட நிற்கிற தோரணையைத்தான் பார்க்கணும். ராஜபாளையம் வெள்ளை நாய்ல பிறவியிலேயே காது கேக்காதது உண்டு. பின்னாடி போய் திடீர்னு தொட்டா திடுக்கிட்டுத் திரும்பிக் கடிக்கும், அதுல கோபம்னு ஒண்ணும் இல்லை. அழகுக்குன்னு வாலை ஒட்ட நறுக்கி விட்ட நாய்னா கேக்கவே வேண்டாம், அது பேசுற பேச்சுல பாதியை நாமளே வெட்டிட்டோம்.

சில தெரு நாய்க்குக் காது நுனியில சின்ன வெட்டு இருக்கும். சண்டைக் காயம் இல்லை, கருத்தடை பண்ணி விட்டதுக்கான அடையாளம்.

[காட்சி: லயத்து வாசல். சங்கிலியில ஒரு நாய். விருந்தாளி வர்றாங்க.]

"வாங்கக்கா, அது ஒண்ணும் பண்ணாது."

"நீ முதல்ல அதைப் பிடிம்மா, அப்புறம் வர்றேன்."

அக்கா சொன்னதுதான் சரி. இப்ப இந்தக் காட்சியை மெதுவா ஓட விட்டு நாயைப் பாருங்க. முதல்ல முகத்தை அந்தப் பக்கம் திருப்புது. தூக்கம் வராமலே ஒரு கொட்டாவி. பக்கத்துல சோறு இல்லை, ஆனாலும் நாக்கு நீண்டு மூக்கை ஒரு தடவை நக்கிட்டு உள்ள போகுது. "எனக்குச் சங்கடமா இருக்கு, கொஞ்சம் தள்ளிப் போ"ங்கறதோட முதல் வார்த்தை இதெல்லாம். அடுத்து தலை ஒரு பக்கம் இருக்க, கண்ணு மட்டும் நம்ம பக்கம் சாயும், கண்ணோரத்துல வெள்ளை தெரியும். அப்புறம் உடம்பு அசையாம உறைஞ்சு போகும். அடுத்தது உறுமல். அதுக்கப்புறம் பல்லு, காத்துல ஒரு கவ்வு. இதையும் தாண்டினாத்தான் கடி.

கட்டிப்போட்ட நாயால விலகிப் போக முடியாது. அதனாலதான் இந்தப் படியெல்லாம் மளமளன்னு தாண்டி வரும்.

உறுமுற நாயை அடிக்கறாங்க பாருங்க, எனக்கு ஒப்பாத விஷயம் அது. அடி வாங்கினா உறுமலை நிறுத்திடும், உள்ள இருக்கற பயம் அப்படியேதான் இருக்கும். அடுத்த தடவை எச்சரிக்கையே இல்லாம நேரா கடிக்குதேன்னு கேட்டா, எச்சரிக்கையை அடிச்சு நிறுத்தினது யாரு? உறுமுச்சுன்னா விலகுங்க. எதைப் பார்த்து உறுமுச்சுன்னு அப்புறம் யோசிங்க.

குழந்தைகள் விஷயத்துல கூடுதல் கவனம். குழந்தை நாயைக் கழுத்தோட கட்டிப் பிடிச்சு எடுத்த போட்டோ உங்க போன்லயும் இருக்கும். எடுத்துப் பாருங்க, பாப்பா சிரிக்கும், நாய் முகத்தைத் திருப்பி உதட்டை நக்கிக்கிட்டு இருக்கும்.

முதுகு மயிர் சிலிர்க்கறது கோபத்துக்கு மட்டும் இல்லை. நமக்குப் புல்லரிக்கிற மாதிரி அதுவும் தன்னால வர்றது, பயத்துலயும் வரும், பரபரப்புலயும் வரும். முன்னங்காலைத் தரையில தாழ்த்தி, பின்புறத்தைத் தூக்கிட்டு நின்னா "வா விளையாடலாம்". அதுக்கப்புறம் உறுமி உருண்டு புரண்டாலும் பெரும்பாலும் விளையாட்டுதான்.

அப்புறம், கருவாட்டைத் தின்னுட்டு "தப்புப் பண்ணிட்டேன்"னு பார்க்குமே ஒரு பார்வை? 2009-ல நியூயார்க்ல அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ்னு ஒரு நாய் ஆராய்ச்சியாளர் இதைச் சோதிச்சாங்க. தின்னாத நாயும் திட்டு விழுந்தா அதே முகத்தைத்தான் வச்சுக்கிச்சு. குற்ற உணர்ச்சின்னு நாம நினைக்கறது நம்ம கோபத்தைப் பார்த்துப் பம்முறதுதான்.

[காட்சி: மறுபடி தெரு. தூக்குச்சட்டியோட ஒரு பெண். விறைச்ச நாய் எதிர்ல.]

ஓடாதீங்க. ஓடினா துரத்தச் சொல்லிக் குடுத்த மாதிரி. கண்ணுக்கு நேர் பார்க்காம, உடம்பைப் பக்கவாட்டுல திருப்பி நில்லுங்க. கை ரெண்டும் உடம்போட ஒட்டி இருக்கட்டும். அது மூச்சை விட்டுத் தளர்ந்ததும் முதுகு காட்டாம மெல்லப் பின்வாங்குங்க. பைக்ல போறவங்க முறுக்காதீங்க, வேகத்தைக் குறைங்க.

இந்தப் பேச்சு எதுவும் செல்லுபடி ஆகாத ஒரு நாய் உண்டு, வெறிநாய். எச்சில் ஒழுகும், தாடை தொங்கலாம், தள்ளாடி நடக்கும், எந்த முன்னறிவிப்பும் இல்லாமக் கடிக்கும். சில சமயம் ரொம்ப சாதுவா மூலையில ஒடுங்கியும் கிடக்கும். தெரியாத நாய் அப்படிக் கிடந்தா இரக்கப்பட்டுத் தொடாதீங்க.

கடி பட்டா, கீறல்தான்னாலும், ஓடுற தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவணும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். அன்னைக்கே ஊசி. குமுளியில கடிச்சா மலை இறங்கி வந்துதான் போடணும்னு காத்திருக்காதீங்க, கிட்ட இருக்கற ஆஸ்பத்திரியில முதல் ஊசியைப் போட்டுட்டுச் சீட்டைப் பத்திரமா வச்சுக்கோங்க. மிச்ச ஊசி எந்தெந்தத் தேதியில போடணும்னு அதுல எழுதியிருக்கும், அந்தச் சீட்டைக் காட்டி நம்ம பக்கம் தொடர்ந்து போட்டுக்கலாம்.