லண்டன் தெருக்களின் குழூஉக்குறி

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொற்கொல்லர்கள் தமக்குள் பேசும்போது பொன்னைப் 'பறி' என்று சொல்வதை நன்னூல் உரைகாரர்கள் குழூஉக்குறிக்கு எடுத்துக்காட்டாகத் தருவார்கள். பக்கத்தில் நிற்பவருக்குப் புரியாமல் பேச வேண்டிய தேவை பல தொழில்களுக்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் தள்ளுவண்டியில் காய்கறி, பழம், மீன் விற்றுத் திரிந்தவர்களுக்கும் அந்தத் தேவை இருந்தது. 'காஸ்டர்மாங்கர்' என்று அழைக்கப்பட்ட அந்த வியாபாரிகளுக்கு, வாடிக்கையாளரைவிடப் போலீஸ்காரரிடம் மறைக்க வேண்டியதே அதிகம். வண்டியை ஓரிடத்தில் நிற்க விடாமல் விரட்டியவர் அவர்தாம்.

அவர்களுடைய வாழ்க்கையை நேரில் கண்டு எழுதிய இதழாளர் ஹென்றி மேஹ்யூவின் நூல் 1851இல் வெளிவந்தது. சொற்களைத் தலைகீழாகத் திருப்பிப் பேசும் அவர்களது வழக்கத்தை அவர் அதில் பதிவு செய்திருக்கிறார். 'பென்னி' என்ற காசு 'யென்னெப்' ஆனது. 'பீர்' 'ரீப்' ஆனது. 'போலீஸ்' என்பதைத் திருப்பி 'எஸ்க்ளாப்' என்றார்கள். அதுவும் வாயில் தேய்ந்து 'ஸ்லாப்' என்று ஒலித்தது. 'கூல் த எஸ்க்ளாப்' என்று ஒருவர் குரல் கொடுத்தால், 'லுக்' என்பது திரும்பிக் 'கூல்' ஆகியிருக்கிறது, போலீஸ்காரரைப் பார் என்கிறார் என்று மற்றவர்கள் உடனே புரிந்துகொண்டார்கள். 'பாய்' என்ற சொல்லைத் திருப்பினால் வரும் 'யாப்' என்பதற்கு அன்று பையன் என்பதற்கு மேல் பொருள் இல்லை. இன்றைய பிரிட்டனில் அது போக்கிரி இளைஞனைக் குறிக்கிறது.

இதைவிடச் சுவையானது இயைபை வைத்து உருவாக்கிய மறைமொழி. பிரான்சிஸ் குரோஸ் 1785இல் வெளியிட்ட கொச்சைச் சொல் அகராதியில் இவ்வகையைக் காண முடியாது. ஜான் கேம்டன் ஹாட்டன் 1859இல் வெளியிட்ட அகராதியில் இதற்கென்றே தனிப் பட்டியல் இருக்கிறது. ஆகவே இடைப்பட்ட காலத்தில், பெரும்பாலும் 1840களில், தெருவில் பாட்டுப் புத்தகமும் சில்லறைச் சரக்கும் கூவி விற்றவர்களிடையே இது பரவியது என்று கொள்ளலாம்.

இதன் செய்முறை எளியது. பார்வை என்னும் பொருளில் வரும் 'லுக்' என்ற சொல்லை மறைக்க வேண்டுமானால், அதே ஓசையில் முடியும் ஒரு தொடரைத் தேடுகிறார்கள். 'பட்சர்ஸ் ஹுக்', அதாவது இறைச்சிக் கடைக்காரரின் கொக்கி, அப்படிக் கிடைத்த தொடர். அடுத்து அவர்கள் செய்வதுதான் கெட்டிக்காரத்தனம்: எந்தச் சொல்லில் இயைபு இருக்கிறதோ அதையே வெட்டி எறிந்துவிட்டு, 'பட்சர்ஸ்' என்பதை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். 'ஒரு பட்சர்ஸ் பார்க்கலாமா' என்று ஒருவர் கேட்டால், கொக்கியை அறியாதவருக்குப் பார்வை அகப்படாது. தலைமுடிக்கு 'பார்னெட்' என்ற பெயர் வந்ததும் இப்படித்தான். லண்டனுக்கு வடக்கே பார்னெட் என்னும் ஊரில் கூடிய சந்தையின் பெயரான 'பார்னெட் ஃபேர்' என்பது 'ஹேர்' என்பதோடு இயைந்தது. 'ஹெட்' என்ற தலைக்கு 'லோஃப் ஆஃப் பிரெட்' இயைபானது. 'உன் லோஃபைப் பயன்படுத்து' என்றால் மூளையைப் பயன்படுத்து என்று பொருள். 'ஸ்டேர்ஸ்' என்ற மாடிப்படிக்கு 'ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ்' என்பதுதான் எல்லாருக்கும் தெரிந்த உதாரணம். சுற்றுலாப் பயணிகளுக்காகவே வைத்திருப்பதுபோல் அதை எல்லா இடத்திலும் சொல்கிறார்கள் என்பதால் அதில் எனக்கு அவ்வளவு ஈடுபாடில்லை.

இயைபுச் சொல் உதிர்ந்ததால் யாரும் திட்டமிடாத ஒரு விளைவும் நேர்ந்தது. நன்னூல் குழூஉக்குறிக்குப் பக்கத்திலேயே வைத்த இடக்கரடக்கலாக, அவையில் சொல்லக் கூடாததை மறைத்துச் சொல்லும் வழக்காக, சில சொற்கள் மாறிவிட்டன. குழந்தையின் வயிற்றில் உதட்டை அழுத்திப் 'புர்ர்' என்று ஊதிச் சிரிக்க வைப்பதற்கு ஆங்கிலேயப் பாட்டிமார் 'ராஸ்பெர்ரி' ஊதுவது என்பார்கள். முழுத் தொடர் 'ராஸ்பெர்ரி டார்ட்'. அந்தப் பழப் பணியாரத்தின் பெயர் இயைவது வயிற்றிலிருந்து காற்றுப் பிரிவதைக் குறிக்கும் கொச்சைச் சொல்லோடு. முட்டாளைச் செல்லமாகத் திட்டும் 'பெர்க்' என்ற சொல்லின் கதை இன்னும் மோசம். அது ஒரு வேட்டைக் குழுவின் பெயரிலிருந்து வெட்டி எடுத்தது. வேட்டையைக் குறிக்கும் 'ஹண்ட்' என்பதோடு இயையும் சொல்லை இந்த ஒலிவாங்கியின் முன் நான் சொல்ல மாட்டேன். கண்ணியமான மனிதர்கள் கண்ணியமான இடங்களில் 'பெர்க்' என்று தாராளமாகச் சொல்லிவருகிறார்கள்.

இத்தகைய சொற்களுக்குப் பிறப்புக் கதை கட்டுவதில் பிரிட்டனில் பலருக்கு ஆர்வம் அதிகம், அதில் எச்சரிக்கை தேவை. சுத்த உளறல் என்னும் பொருளில் வரும் 'காட்ஸ்வாலப்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஹைரம் காட் என்பவர் 1870களின் தொடக்கத்தில் கோலிக்குண்டு அடைப்பான் கொண்ட சோடா பாட்டிலுக்குக் காப்புரிமை பெற்றார். நம் ஊர்க் கோலி சோடாவின் பாட்டில் அதுதான். பீரைக் கொச்சையாக 'வாலப்' என்பார்கள். ஆகவே காட் பாட்டிலில் வந்த உப்புச்சப்பில்லாத சோடாவைக் குடிகாரர்கள் 'காட்டின் வாலப்' என்று கேலி செய்தார்கள் என்பது கதை. கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அகராதிக்காரர்கள் தேடிப் பிடித்த மிகப் பழைய எழுத்துச் சான்று, 1959ஆம் ஆண்டின் பி.பி.சி. நகைச்சுவைத் தொடர் ஒன்றின் வசனப் பிரதி. பாட்டிலுக்கும் சொல்லுக்கும் இடையே எண்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருக்கும்போது, அந்தக் கதையையே காட்ஸ்வாலப் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

நன்றி, வணக்கம்.