கடவுள் ஆணா, பெண்ணா?

"கதைகளில் கடவுள் பெரும்பாலும் ஆணாகவே வருகிறார். உண்மையில் அவருக்குப் பால் உண்டா, அது எழுதுகிறவர்களின் கற்பனையா?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

இந்தச் சிக்கலின் பாதி நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. 'கடவுள்', 'தெய்வம்' ஆகிய சொற்களில் ஆண்பால் விகுதியும் இல்லை, பெண்பால் விகுதியும் இல்லை. தெய்வத்தைச் சுட்டும் பெயருக்குத் தனக்கென்று பால் காட்டும் ஈறு கிடையாது, அது உயர்திணைக்குரிய ஈறுகளையே ஏற்று வரும் என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறார். ஆகவே 'வந்தான்' என்றோ 'வந்தாள்' என்றோ வாக்கியத்தை முடிக்க வேண்டிய தேவை பேசுகிற நமக்குத்தான்.

இதை நம்மாழ்வாரைவிட நுட்பமாக உணர்ந்தவரை நான் படித்ததில்லை. "ஆணல்லன் பெண்ணல்லன் அல்லா அலியும் அல்லன்" என்று திருவாய்மொழியில் பாடுகிறார். ('அலி' என்ற சொல் இன்று மனிதர்களைப் புண்படுத்துகிறது, நாம் அதைப் பயன்படுத்தக் கூடாது.) மூன்று பாலையும் மறுக்கிற அந்த வரியே 'அல்லன்' என்ற ஆண்பால் ஈற்றில்தான் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். மறுப்பதற்கும் மொழி ஒரு பாலைக் கேட்கிறது. அதனால்தான் அவர், "பேணுங்கால் பேணும் உருவாகும்", அதாவது விரும்பி வழிபடும்போது விரும்பிய உருவாகவே வருவான் என்று சொல்லி, எம்பெருமானைக் கூறுவதே பெரும் இடர்ப்பாடு என்று அந்தப் பாட்டை முடிக்கிறார். மாணிக்கவாசகரோ திருவெம்பாவையில் மூன்றுமாக நின்றவன் என்று பாடி, உடனே "இத்தனையும் வேறாகி" என்கிறார்.

கதை எழுதுகிறவருக்கு இந்தத் தத்துவம் போதாது. வாசல் வழியாக உள்ளே வர ஓர் உடல் வேண்டும். 1943-இல் வந்த 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் புதுமைப்பித்தன் கடவுளைச் சென்னைத் தெருவுக்கே அழைத்து வந்தார். கந்தசாமிப் பிள்ளை வீட்டுக் குழந்தைக்குக் கடவுள் 'தாத்தா' ஆகிவிடுகிறார். அந்த ஆண் உருவத்தை நான் குறையாக எண்ணவில்லை. ஒரே உருவம் பழகிப்போய், அதுவே கடவுளின் இயல்பு என்று வாசகர் நம்பிவிடுவதைத்தான் குறை என்பேன்.

அந்தப் பழக்கத்தை உடைக்கிற கதை திருச்சி மலைக்கோட்டையில் இருக்கிறது. நிறைமாதக் கர்ப்பிணியான இரத்தினாவதியிடம் வந்துசேர முடியாதபடி, அவளுடைய தாயைக் காவிரி வெள்ளம் அக்கரையில் நிறுத்திவிட, சிவனே அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்க்கிறார். வெள்ளம் வடிந்து உண்மையான தாய் வந்து நிற்கும்போதுதான் வந்தவர் யார் என்று தெரிகிறது. அங்கே பேணியவள் ஒரு மகள். வந்தது அவள் தேடிய உருவம். இன்றும் சுகப்பிரசவம் வேண்டி வாழைத்தார் கொண்டுவந்து அங்கே நேர்த்திக்கடன் செலுத்துகிறார்கள். கருவறையில் இருப்பது இலிங்கம். பெயர் தாயுமானவர், அந்த 'அவர்' என்ற ஈற்றில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை.