"பாக்கல கண்ணு, கேட்டேன்": வீடியோ கட்டுரைன்னா என்ன?

[திரை: கறுப்பு. ஒரு சீறல் சத்தம். மெல்ல வெளிச்சம் வருகிறது: நீலத் தீ நாக்கு, அதன் நுனியில் கடுகளவு வெள்ளி மணி.]

குரல்: சேலம் செவ்வாய்ப்பேட்டையில எங்க மாமா கொலுசுப் பட்டறை வச்சிருக்கார். கொலுசுல மணி பத்த வைக்கிற வேலை. கண்ணு ஒரு நொடி தீயை விட்டு விலகினா வெள்ளி உருகிப் போயிரும். அதனால போனைச் சுவத்துல சாய்ச்சு வச்சுட்டு, நாள் பூரா யூடியூபை ஓட விட்டுருவார்.

போன வருஷம் நாலு வாரம் மெனக்கெட்டு ஒரு வீடியோ போட்டேன். மறுநாள் காலையில மாமா போன் பண்ணார். "முழுசா ஓட்டுனேன் கண்ணு, ரொம்ப நல்லா இருந்துச்சு." பார்த்தீங்களா மாமான்னு கேட்டேன்.

"பாக்கல கண்ணு, கேட்டேன். ஒண்ணும் விட்டுப்போன மாதிரி தெரியல."

அவர் பாராட்டாத்தான் சொன்னார். எனக்கு அன்னைக்குச் சோறு இறங்கல. நாலு வாரம் எடுத்த படத்துல ஒரு துண்டு கூட அவருக்குத் தேவைப்படல. நான் பண்ணது வீடியோவே இல்ல, படம் ஒட்டின ரேடியோ. அப்போ வீடியோ கட்டுரைன்னு சொல்றாங்களே, அது எது?

[திரை: கோடு போட்ட நோட்டுப் பக்கம். ஒரு கை எழுதுகிறது: முன்னுரை. பொருளுரை. முடிவுரை.]

நமக்குக் கட்டுரைன்னா இதுதான். பசுமாடு பத்திப் பத்து வரி, கடைசியில "எனவே பசுவைப் பேணுவோம்". தெரிஞ்சதை ஒழுங்கா அடுக்கி வைக்கிறது. ஆனா 1580ல பிரான்ஸ்ல மோந்தேன்ங்கிற எழுத்தாளர் தன்னோட எழுத்துக்கு 'எஸ்ஸே'ன்னு பேர் வச்சப்போ, அந்தச் சொல்லுக்கு முயற்சின்னுதான் அர்த்தம். முடிவு தெரியாம ஒரு விஷயத்தைக் கையில எடுத்துப் புரட்டிப் பாக்குறது.

எனக்கு அதைவிடப் பிடிச்ச கட்டுரை நம்ம கிட்டயே இருக்கு. சிலப்பதிகாரத்துல 'கட்டுரை காதை'. மதுரை எரியுது. மதுராபதித் தெய்வம் கண்ணகிகிட்ட பேச வருது. முன்னால வந்து நிக்கத் துணியல, பின்னால வந்து நிக்குது. கண்ணகி முகத்தைத் திருப்பி, என் பின்னால வர்ற நீ யாருன்னு கேக்குறா.

[திரை: அதே கறுப்பு. ஒரு நொடி அமைதி.]

வாய்ஸ் ஓவருக்கு, அதாவது ஆள் தெரியாம படத்து மேல பேசுற குரலுக்கு, இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கல. எதிர்ல எரியுற ஊரு, பின்னால ஒரு குரல், நடுவுல திரும்பிப் பாத்து "நீ யாரு"ன்னு கேக்குற ஒருத்தி. இந்த மூணும் இருந்தா அது வீடியோ கட்டுரை. நான் போட்ட வீடியோவுல குரல் மட்டும்தான் இருந்துச்சு.

[திரை: வெறும் எழுத்து. 1940. 1948. 1957.]

வரலாறு சுருக்கமா. கண்ணுக்குத் தெரியாத எண்ணங்களையும் படமாக்கலாம்னு சொல்லி, 'கட்டுரைப் படம்'ங்கிற பேர்லயே ஹான்ஸ் ரிக்டர்ங்கிற ஜெர்மன் இயக்குநர் 1940ல எழுதினார். கேமராவைப் பேனா மாதிரி பிடிக்கணும்னு பிரெஞ்சு விமர்சகர் அலெக்சாந்த்ர் அஸ்த்ரூக் 1948ல சொன்னார். ரெண்டும் பேப்பர்ல. செஞ்சு காட்டினது பிரெஞ்சு இயக்குநர் கிறிஸ் மார்க்கர்.

1957ல அவர் எடுத்த 'சைபீரியாவிலிருந்து கடிதம்' படத்துல ஒரு இடம் வரும். யாகூத்ஸ்க் நகரத்துத் தெரு. ஒரு பஸ் போகுது, ஒரு கார் போகுது, ஆளுங்க ரோடு சமன் பண்றாங்க. அதே காட்சியைத் திரும்பத் திரும்பப் போடுறார், குரல் மட்டும் மாறுது. முதல்ல சோவியத் ரஷ்யாவைப் புகழ்ந்து. அடுத்து தூற்றி. மூணாவது, நடுநிலையா. படத்துல ஒரு தூசி கூட மாறல, ஆனா மூணு தடவையும் வேற வேற ஊரு தெரியுது. பிரெஞ்சு சினிமா விமர்சகர் ஆந்த்ரே பசான் இதைப் பாத்துட்டு, ஒரு ஷாட் அடுத்த ஷாட்டோட மோதுறது ஒருவகை எடிட்டிங்னா, இங்க காது சொல்றது கண்ணுகிட்டப் போய் மோதுதுன்னு எழுதினார்.

படிச்சுப் புரிஞ்சுக்கிறதைவிட, செஞ்சு பாத்தேன்.

[திரை: சேலம் ஏற்காடு சாலை, மாடர்ன் தியேட்டர்ஸ் ஆர்ச். பின்னால் சேர்வராயன் மலை மங்கலாக. மலைக்குப் போகும் பஸ் ஒன்று இடமிருந்து வலமாகக் கடக்கிறது. 22 நொடி.]

குரல் ஒன்று: "1935இல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் இது. மலையாளத்தின் முதல் பேசும் படம் 1938இல் இங்கிருந்துதான் வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படத்தை 1956இல் தந்ததும் இந்நிறுவனமே. இன்றும் கம்பீரமாக நிற்கிறது."

[திரை: அதே 22 நொடி.]

குரல் இரண்டு: "ஸ்டுடியோ போய்விட்டது. தளங்கள் இருந்த இடத்தில் வீடுகள். மிஞ்சியது ஒரு வாசல், உள்ளே நுழையத்தான் ஒன்றுமில்லை. பஸ்ஸில் இருப்பவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை."

[திரை: அதே 22 நொடி.]

குரல் மூன்று: "காலை 7:10. ஒரு பஸ், இரண்டு பைக், ஒரு பால் வண்டி. ஒரு வளைவு."

முதல் குரல் கேட்டா நெஞ்சு நிமிருது. ரெண்டாவது கேட்டா தொண்டை அடைக்குது. பஸ்ஸுக்குள்ள இருக்கிறவங்க பாத்தாங்களா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? ஜன்னல்ல வெளிச்சம் பட்டு ஒண்ணுமே தெரியல. ஆனா சொன்னவுடனே நீங்க நம்பினீங்க. மூணாவது நியாயமானது மாதிரி தோணும், எண்ணிக்கை பேசுதுல்ல. அங்கதான் மாட்டிக்கிட்டேன். எடிட்டிங்ல இதைப் பத்தாவது தடவை ஓட்டும்போதுதான் கண்ணுல பட்டுச்சு.

[திரை: ஷாட் நிற்கிறது. ஆர்ச் தூணின் அடி பெரிதாகிறது. நிழலில் ஒரு பூக்கூடை, பக்கத்தில் ஒரு சேலை முந்தானை.]

ஒரு பூக்கார அம்மா. மூணு குரல்ல ஒண்ணு கூட இவங்களைச் சொல்லல. எடுத்த எனக்கே தெரியாது. நடுநிலையான குரலும் எதை எண்ணணும்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டுத்தான் எண்ணுது.

இந்த இடத்துலதான் விளக்க வீடியோவும் வீடியோ கட்டுரையும் பிரியுதுன்னு நெனைக்கிறேன். விளக்க வீடியோவுல குரல் முன்னால போகும், படம் குடை பிடிச்சுட்டுப் பின்னால வரும். ஜவ்வரிசி எப்படிச் செய்றாங்கன்னு சொல்லணும்னா அதுதான் சரி. குறையே இல்ல. வீடியோ கட்டுரையில படம் குரலைப் பாத்து, "இரு, நீ சொன்னது முழுசா இல்ல"ன்னு சொல்ல இடம் வேணும்.

அதுக்கு ஒரு பயிற்சி இருக்கு. அமெரிக்காவுல மிடில்பரி கல்லூரியில 2015ல இருந்து சினிமா ஆய்வாளர்களுக்கு, வீடியோ கட்டுரை செய்யப் பழக, ஒரு பட்டறை நடத்துனாங்க. இது கொலுசு இல்லாத பட்டறை. அங்க கொடுக்கிற முதல் வேலைகள்ல ஒண்ணு: ஒரே படத்துல இருந்து பத்துத் துண்டு, ஒவ்வொண்ணும் சரியா 6 நொடி. அடியில அந்தப் படத்தோட ஒலியே ஒரு நிமிஷம் அறுபடாம ஓடணும். நம்ம குரல் கூடாது. பேசியே பழகினவனுக்கு இது வாயைக் கட்டிப்போட்ட மாதிரி. நான் மூணு தடவை செஞ்சேன், முதல் ரெண்டும் குப்பை.

மூணாவதுக்கு மாடர்ன் தியேட்டர்ஸ் படம் ஒண்ணை எடுத்தேன், 1956ல வந்த அந்த வண்ணப் படம், 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. சேலத்துல இருந்த கம்பெனி எடுத்தது, ஆனா திரையில பாக்தாத். நானும் ஃபிரேம் ஃபிரேமா சேலத்தைத் தேடினேன். ஒரு நகரம் தனக்குள்ளயே ஒளிஞ்சுக்கிட்டு வேற நகரமா நடிக்குது. இதைத்தான் அமெரிக்க இயக்குநர் தாம் ஆண்டர்சன் லாஸ் ஏஞ்சலிஸுக்குச் செஞ்சார், 2003ல எடுத்த ஒரு படத்துல. அந்த ஊர்ல எடுத்த படங்களோட துண்டுகளை வச்சே, அந்த ஊரு படங்கள்ல எப்படி நடிக்க வைக்கப்பட்டதுன்னு ரெண்டரை மணி நேரத்துக்கும் மேல பேசினார். துண்டுகளோட உரிமை பத்தின பயத்துல அது டிவிடியா வர 2014 ஆச்சு.

உரிமைன்னதும் கமெண்ட்ல கேப்பீங்க, சொல்லிடுறேன். நம்ம 1957 பதிப்புரிமைச் சட்டத்தோட 52வது பிரிவு, விமர்சனத்துக்காக நியாயமான அளவுல எடுத்தாள இடம் கொடுக்குது. திரைப்படத்துக்கு உரிமை, வெளியான வருஷம் முடிஞ்சதுல இருந்து 60 வருஷம். பாட்டுக்குக் கணக்கு வேற. அடுத்தவங்க படம், பாட்டு இருக்கான்னு தானா தேடுற யூடியூபோட கன்டென்ட் ஐடி சட்டம் படிச்சது இல்ல, பொருந்துதான்னு மட்டும்தான் பாக்கும். நீங்க விமர்சனம் பண்றீங்களா, திருடுறீங்களான்னு அதுக்குத் தெரியாது.

சரி, பூக்கூடைக்கு வருவோம்.

[திரை: அதே ஆர்ச், அதே கோணம். மூலையில் நேரம்: 8:00.]

அன்னைக்கு முதல் ஷாட்ல வெளிச்சம் பத்தலையோன்னு சந்தேகமா இருந்துச்சு. எதுத்தாப்ல டீக்கடையில உக்காந்துட்டு, எட்டு மணிக்கு இன்னொரு தடவை எடுத்தேன். ட்ரைபாடை அசைக்கல. தூக்கிப் போட வச்சிருந்த ஷாட் இது.

7:10ஐயும் 8:00ஐயும் பக்கத்துல பக்கத்துல வைக்கிறேன். ஆர்ச்சைப் பத்தி இதுவரைக்கும் பெருமையாவும் பேசியாச்சு, புலம்பியும் பேசியாச்சு. இப்போ நான் எதுவும் சொல்லப்போறதில்ல. ரெண்டுலயும் தூணோட நிழல் எங்க விழுது, கூடை எங்க இருக்குன்னு மட்டும் பாருங்க. ஏழு நொடி.

மாமா, தீயை அணைச்சுட்டு இந்த இடத்துல கொஞ்சம் நிமிந்து பாருங்க.

[திரை: இரண்டு ஷாட்களும் பக்கம் பக்கமாக. சாலைச் சத்தம் மட்டும். 7 நொடி.]