வலிப்பது எந்த மூட்டு? பாதத்துக்குள் தேடும் ஸ்பெக்ட்-சிடி

[திரையில்: பாத எலும்புகளின் மாதிரி, மெதுவாகச் சுழல்கிறது]

வணக்கம். ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். "எங்கே வலிக்குது?" என்று டாக்டர் கேட்டால், பலர் பாதம் முழுவதையும் தடவித்தான் காட்டுவார்கள். அவ்வளவு நெருக்கமாக அடுக்கியிருக்கிறது.

ஒருவர் சில வருடங்களுக்கு முன் சாரத்திலிருந்து விழுந்து குதிகால் எலும்பை உடைத்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். பிளேட், ஸ்க்ரூ வைத்துச் சரிசெய்தாயிற்று. இப்போது மேடுபள்ளத்தில் நடந்தால் உயிர் போகிறது. எக்ஸ்ரேயில் கணுக்கால் மூட்டு, அதற்குக் கீழே உள்ள சப்டேலார் மூட்டு, குதிகாலுக்கு முன்னால் உள்ள மூட்டு, மூன்றுமே கொஞ்சம் தேய்ந்து தெரிகின்றன. எம்ஆர்ஐ எடுத்தால் உலோகத்தைச் சுற்றிப் படம் சிதைகிறது. மூன்றில் எது குற்றவாளி? அதைக் கண்டுபிடிக்கத்தான் ஸ்பெக்ட்-சிடி: எலும்பு எங்கே சுறுசுறுப்பாக வேலை செய்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட் ஸ்கேனும், எலும்பின் வடிவத்தைக் காட்டும் சிடி ஸ்கேனும் சேர்ந்தது.

[திரையில்: கை நரம்பில் ஊசி]

டெக்னீஷியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளை ஒரு பாஸ்போனேட் சேர்மத்தோடு இணைத்து ஊசியாகப் போடுவார்கள். எலும்பு எங்கே தன்னைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறதோ, அங்கே இது அதிகமாகப் போய் ஒட்டும். சுமார் 3 மணி நேரம் காத்திருக்க வேண்டும். நிறையத் தண்ணீர் குடியுங்கள், ஒட்டாதது சிறுநீரில் போய்விடும். 6 மணி நேரத்துக்கு ஒருமுறை இதன் வீரியம் பாதியாகக் குறையும்.

[திரையில்: காமா கேமரா பாதங்களைச் சுற்றி வருகிறது]

இந்தக் கேமரா கதிர் எதையும் அனுப்புவதில்லை. உடம்பிலிருந்து வருவதைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பழைய, தட்டையான எலும்பு ஸ்கேனில் குதிகால் பக்கம் ஒரு கறுப்புத் திட்டுதான் தெரியும். ஸ்பெக்டில் கேமரா சுற்றி வந்து முப்பரிமாணப் படம் எடுக்கிறது. அப்புறம் அதே மேசையில், ஆளை எழுப்பாமலே சிடி. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால், திட்டுக்கு முகவரி கிடைத்துவிடும்.

இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்: பாதத்தை அசைக்காதீர்கள். சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே அந்தத் திட்டு பக்கத்து மூட்டின்மேல் போய் உட்கார்ந்துவிடும். பாதங்களைப் பட்டையால் கட்டிவைப்பது அதற்காகத்தான்.

[திரையில்: சாம்பல் நிற எலும்புகள், சப்டேலார் மூட்டு மட்டும் ஆரஞ்சாக]

நம் உதாரணத்தில் சப்டேலார் மூட்டு மட்டும் ஒளிர்கிறது. மற்ற இரண்டும் தேய்ந்திருந்தாலும் அமைதியாக இருக்கின்றன. அந்த மூட்டில் மரத்துப்போகும் ஊசி போட்டு, வலி குறைகிறதா என்று டாக்டர் உறுதி செய்துகொள்ளலாம். தேவைப்பட்டால் அதை மட்டும் இணைத்துவிடும் அறுவை சிகிச்சை. இணைத்த மூட்டு பிறகு அசையாது. தவறான மூட்டை இணைத்தால் வலியும் இருக்கும், நல்ல மூட்டும் போய்விடும். இந்தப் படத்துக்கு இவ்வளவு மெனக்கெடுவது அதனால்தான்.

சரி, ஒளிர்வதெல்லாம் வலிக்குமா? கிடையாது. சமீபத்தில் முறிந்த, ஆபரேஷன் ஆன எலும்பு பல மாதம் ஒளிரும். உள்ளங்கால் சவ்வு, நரம்பு ஆகியவற்றில் சிக்கல் என்றால் அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோதான் பொருத்தம். பாதம் வலித்தவுடன் முதலில் எடுக்கும் பரிசோதனையும் இது அல்ல. நின்றபடி எடுக்கும் எக்ஸ்ரே முதலில். கர்ப்பமாக இருந்தாலோ, பால் கொடுத்தாலோ ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

போகும்போது பழைய எக்ஸ்ரேக்களை எடுத்துச் செல்லுங்கள். எந்த இடம் அதிகம் வலிக்கிறதோ, அதை ஒரே விரலால் தொட்டுக் காட்டி, குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். படத்தைப் படிக்கிற டாக்டரின் கைக்கு அந்தக் குறிப்பு போய்ச் சேர வேண்டும்.