டீயிலேயே மூணாவது அடி

வணக்கம் மக்களே. இன்னிக்கு கோல்ஃப்ல பெனால்டியும் ஸ்கோர் கணக்கும். முதல்ல ஒரு கேள்வி. பார் 4 ஹோல் (நாலு அடியில முடிக்க வேண்டியது), முதல் அடி மைதான எல்லையைக் காட்டுற வெள்ளைக் குச்சியைத் தாண்டி வெளிய போயிடுச்சு. திரும்ப டீயில, அதாவது ஹோலை ஆரம்பிக்கிற இடத்துல, இன்னொரு பந்தை வெச்சு நிக்கிறீங்க. இது எத்தனாவது அடி?

ரெண்டுன்னு சொன்னா ஸ்கோர் கார்டு அங்கேயே தப்பு. அடிச்சது ஒண்ணு, பெனால்டி ஒண்ணு, இது மூணு. 'ஸ்ட்ரோக் அண்ட் டிஸ்டன்ஸ்'னு சொல்றது இதைத்தான். அடியும் போச்சு, போன தூரமும் போச்சு.

பந்து தொலைஞ்சாலும் இதே கணக்குதான். தேடுறதுக்கு 3 நிமிஷம், அவ்வளவுதான். 2019க்கு முன்னாடி 5 இருந்துச்சு. அதனால சந்தேகம்னா நடக்குறதுக்கு முன்னாடியே இன்னொண்ணு அடிச்சிடுங்க. ஆனா 'ப்ரொவிஷனல்' (தற்காலிகப் பந்து)னு வாயைத் திறந்து சொல்லணும். "எதுக்கும் இன்னொண்ணு அடிச்சுக்கிறேன்"னா செல்லாது. சொல்லாம அடிச்சா, முதல் பந்து ஃபேர்வே (வெட்டி விட்ட புல்வெளிப் பாதை) நடுவுல ஜம்முன்னு கிடந்தாலும் அது கணக்குல இல்ல. ரெண்டாவது பந்துதான் ஆட்டத்துல, அதை அடுத்து அடிக்கிறது நாலாவது அடி.

இப்ப சிவப்புக் குச்சி, அதாவது தண்ணி மாதிரி பெனால்டி ஏரியாவோட எல்லை. பந்து தண்ணியில எங்க விழுந்துச்சுங்கறது முக்கியமில்ல, எல்லையைக் கடைசியா எங்க தாண்டுச்சோ அந்த இடம்தான் கணக்கு. ஒரு பெனால்டி போட்டுட்டு, அங்கிருந்து ரெண்டு கிளப் நீளத்துக்குள்ள, ஹோலுக்கு நெருங்காம ட்ராப் பண்ணலாம், அதாவது பந்தைக் கையால கீழ விட்டு ஆடலாம். பட்டர் (பந்தைக் குழிக்குள்ள உருட்டுற கிளப்) தவிர பையில நீளமான கிளப் எதுவோ அதால அளக்கணும், அதாவது டிரைவர். பெனால்டி ஏரியா எல்லை மஞ்சள் குச்சின்னா இந்தப் பக்கவாட்டு சலுகை கிடையாது. ட்ராப் முட்டி உயரத்துல இருந்து. பழக்கதோஷத்துல தோள்ல இருந்து விட்டுட்டீங்களா? அடிக்காத வரைக்கும் திரும்ப விட்டுக்கலாம், சும்மாதான். அப்படியே அடிச்சிட்டா, சரியான இடத்துல இருந்தாலும் ஒரு ஸ்ட்ரோக் கூடும்.

பங்கர்ல, அதாவது மணல் குழியில, பயிற்சிக்கு வீசும்போது கிளப் மணலைத் தொட்டா ரெண்டு ஸ்ட்ரோக். மேட்ச் ப்ளேன்னா, அதாவது ஒவ்வொரு ஹோலா ஜெயிக்கிற ஆட்டம்னா, அந்த ஹோலே போச்சு.

கடைசியா கார்டு. 1968 மாஸ்டர்ஸ் போட்டியோட கடைசி ரவுண்டுல ராபர்ட்டோ டி விசென்சோங்கற வீரர் 17வது ஹோல்ல 3 அடிச்சார். கூட ஆடின டாமி ஆரன்தான் அவர் கார்டை எழுதினவர், 4ன்னு எழுதினார், இவர் பார்க்காம கையெழுத்துப் போட்டுட்டார். அந்த ரவுண்டோட 65, 66 ஆச்சு. பாப் கோல்பியோட சமன் ஆகி ப்ளே-ஆஃப் (சமனை முடிவு பண்ற கூடுதல் ஆட்டம்) போக வேண்டியவர் ஒரு ஸ்ட்ரோக்ல தோத்தார். அடிச்சதைவிட அதிகமா எழுதினா அதுவே நிக்கும். குறைச்சு எழுதிக் கொடுத்தா டிஸ்குவாலிஃபை. பெனால்டி விழுந்ததே தெரியாம விட்டிருந்தா மட்டும் அதைச் சேர்த்துக்குவாங்க. கூட்டல் தப்பானா பயப்படாதீங்க, அது கமிட்டி வேலை. உங்க பொறுப்பு ஒவ்வொரு ஹோல் கட்டத்துல இருக்குற எண்தான்.