சட்னி மிக்ஸியை விடக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் மீன்பிடிப் படகு: ட்ரோலிங் மோட்டார் எந்த அளவில் வாங்குவது?

[காட்சி: ரைஸ் ஏரி, ஒன்டாரியோ, கனடா. படகுத் துறை.]

வணக்கம். இது 14 அடி அலுமினியப் படகு. இதைத் துறைக் கம்பத்தோடு கயிற்றால் கட்டி, நடுவில் மீன் நிறுக்கிற தொங்கு தராசைக் கோத்திருக்கிறேன். இப்போது ட்ரோலிங் மோட்டாரை, அதாவது மீன் பிடிக்கும்போது படகை மெதுவாகத் தள்ளுகிற சின்ன மின்மோட்டாரை, முழு வேகத்தில் விடுகிறேன். முள்ளைப் பாருங்கள். 25 கிலோவுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது.

பெட்டியில் 55 பவுண்டு த்ரஸ்ட், அதாவது தள்ளு பலம், என்று அச்சடித்திருக்கிறார்களே, அது இதுதான். ஓர் அரிசி மூட்டையைத் தூக்கிப் பிடிக்கிற பலம். மோட்டார் இழுப்பது 50 ஆம்பியர், 12 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 600 வாட். நம் வீட்டில் சட்னி அரைக்கிற மிக்ஸியே 750 வாட்! எனக்கு இது இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

இந்த மோட்டாரின் கதை 1934இல், அமெரிக்காவின் ஃபார்கோ நகரத்தில், ஓ.ஜி. ஷ்மிட் என்பவர் ஃபோர்டு மாடல் ஏ காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி, அதில் ஒரு புரொப்பல்லரை மாட்டியதில் தொடங்குகிறது. சரி, கணக்குக்கு வருவோம்.

‘எத்தனை ஹெச்.பி.?’ என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். மொத்த எடையில் ஒவ்வொரு 100 கிலோவுக்கும் சுமார் நாலரை பவுண்டு த்ரஸ்ட், இதுதான் விதி. மொத்த எடை என்றால் எல்லாமும் சேர்த்து. படகு 110 கிலோ, இரண்டு பேர் 150, பேட்டரி 28, பெட்ரோல் என்ஜின் 40, எரிபொருள் 12, நங்கூரமும் ஐஸ் பெட்டியும் தூண்டில் சாமானும் 30. ஆக 370 கிலோ. விதிப்படி 17 பவுண்டு போதும்.

ஆனால் நீங்கள் 17ஐ நம்பி இறங்காதீர்கள். அந்த விதிக்குக் காற்று தெரியாது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் படகின் மேல் அது தள்ளுகிற பலம் நான்கு மடங்காகும். காலையில் கண்ணாடி மாதிரி இருக்கிற ஏரி, மதியத்தில் அலையடிக்கும். அப்போது பாசிக்கு ஓரமாகப் படகை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்க முடியவில்லை என்றால் மீன் பிடித்த மாதிரிதான். இந்தப் படகுக்கு 45 அல்லது 55 என்பது என் முடிவு. 55தான் ஒரே 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் மோட்டார்களுக்கு ஏறக்குறைய உச்சம். 80 வேண்டும் என்றால் 24 வோல்ட், 110 பக்கம் போனால் 36 வோல்ட். பேட்டரி இரண்டாகும், மூன்றாகும்.

பெரிய மோட்டார் போட்டால் வேகமாகப் போகலாமா? முடியாது. பெரும்பாலும் மணிக்கு 6 முதல் 8 கிலோமீட்டர், அவ்வளவுதான். புரொப்பல்லரின் வடிவமே மெதுவாகத் தள்ளுவதற்கானது.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம். 100 ஆம்பியர் மணி ஈய அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆக, கையில் இருப்பது 50. முழு வேகத்தில் ஓட்டினால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. பலரும் இங்கேதான் மனசு விட்டுப்போய் இன்னொரு பேட்டரி வாங்கக் கடைக்கு ஓடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். தண்ணீரில் படகின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால், அதற்கு வேண்டிய சக்தி பாதி ஆகாது, ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும்! நடைமுறையில் கொஞ்சம் வீணாகும். 10 ஆம்பியர் என்று வைத்தாலும் ஐந்து மணி நேரம் வருகிறது. ஊர்ந்து போகிற ஆமை வேகத்தில்தானே நமக்கு ‘வாலாய்’ (walleye) என்கிற ஏரி மீனும் கடிக்கிறது. வேகத்தைச் சீராகக் கூட்டிக் குறைக்கிற மாடலையே வாங்குங்கள். ஐந்து வேகம் மட்டும் உள்ள பழைய வகை, குறைந்த வேகத்தில் மிச்சமாக வேண்டிய மின்சாரத்தில் ஒரு பகுதியைக் கம்பிச் சுருளில் சூடாக்கியே வீணாக்கும். கையில் காசு இருந்தால் லித்தியம் பேட்டரி. எடை ஏறக்குறைய பாதி, கிட்டத்தட்ட முழுவதையும் பயன்படுத்தலாம்.

ஷாஃப்ட், அதாவது மோட்டாரைத் தண்ணீருக்குள் இறக்குகிற தண்டு, அதன் நீளம்: புரொப்பல்லரின் மேல் விளிம்பு தண்ணீருக்குள் ஓர் அடி ஆழத்தில் இருக்க வேண்டும். மோட்டாரை முன்முனையில், நம் கடலோரத்தில் அணியம் என்பார்களே, அங்கே மாட்டுவதானால் இன்னும் நீளமான ஷாஃப்ட் எடுங்கள். அலையில் அந்தப் பக்கம்தான் தூக்கிப் போடும். 60 ஆம்பியர் பிரேக்கர் கட்டாயம். அப்புறம், கனடாவில் எவ்வளவு சின்ன மின்மோட்டாரானாலும் ஆபரேட்டர் கார்டு, அதாவது படகு ஓட்டும் தகுதிச் சான்று, வேண்டும்.

[காட்சி: புரொப்பல்லரைக் கழற்றும் கை.]

கடைசியாக இதைக் கிட்டத்தில் பாருங்கள். ஒரு நட்டு, ஒரு சின்ன பின், அதற்குப் பின்னால் மயிரிழையாகச் சுற்றிக்கொண்ட தூண்டில் நரம்பு. இது மோட்டாருக்குள் தண்ணீர் புகாமல் தடுக்கிற ‘சீல்’ வளையத்தை அறுத்துத் தண்ணீரை உள்ளே விட்டுவிடும். என்னுடைய முதல் மோட்டார் இப்படித்தான் போயிற்று. ஏரிக்குப் போய் வந்தால் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

உங்கள் படகின் நீளம், எத்தனை பேர் ஏறுவீர்கள், எந்த ஏரி என்று கமெண்ட்டில் எழுதுங்கள். உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டுத் தருகிறேன்.