நெருஞ்சி முள்ளும் ஒரு மீற்றர் நீளக் கலமும்

நேயர்களுக்கு வணக்கம். நரம்புக்கலங்களை, அதாவது உடம்பில் சேதி கடத்தும் உயிரணுக்களைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்த காலத்தில் கரும்பலகையில் படம் கீறித்தான் தொடங்குவேன். இங்கே பலகை இல்லை. சரி, காலில் ஒரு நெருஞ்சி முள்ளைக் குத்திக்கொண்டு தொடங்குவோம்.

வளவுக்குள் வெறுங்காலோடு நடக்கிறீர்கள். முள் ஏறுகிறது. கால் தானாக எழும்பிவிடும். "ஆ" என்பது அதற்குப் பிறகுதான். கவனித்துப் பார்த்தால் வலியும் இரண்டு தரம் வரும். முதலில் சுரீரென்று ஒரு குத்து. ஒரு செக்கன் கழித்து மெல்ல ஓர் எரிவு. முதலாவதைக் கொண்டுவரும் நரம்பு இழைகளுக்கு மயலின் என்ற கொழுப்புறை உண்டு. உறையில் இடையிடையே இடைவெளிகள் இருக்கும். சேதி ஒவ்வொரு இடைவெளியாகத் தாவித் தாவி வரும். எரிவைக் கொண்டுவரும் இழைகளுக்கு உறை இல்லை. செக்கனுக்கு ஒரு மீற்றர் அளவில், நடந்துதான் வரும்.

கால் எழும்பியது எப்படி? புலன் நரம்புக்கலம் சேதியை முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாணுக்குக் கொண்டுபோகும். அங்கே இடைத்தூது நரம்புக்கலங்கள் அதை வாங்கி இயக்க நரம்புக்கலத்திடம் கொடுக்கும். அது தசையைச் சுருக்கும். மூளைக்கும் சேதி போகிறதுதான், ஆனால் அதன் உத்தரவுக்குக் கால் காத்து நிற்பதில்லை.

பரீட்சைக்கு இந்த மூன்று பெயரும் போதும். எனக்குப் பிடித்தது அவற்றின் உருவம். சிறுமூளையில் பேர்க்கின்ஜே கலம் என்று ஒன்று. அதன் கிளைகள் பனையோலை விசிறிபோல ஒரே தட்டில் விரிந்து நிற்கும். 1873 இல் இத்தாலியரான கொல்கி வெள்ளி உப்பால் சாயமேற்றும் முறையைக் கண்டுபிடித்த பிறகுதான் இந்த உருவங்கள் முழுதாகத் தெரிந்தன. ஸ்பானியரான கஹால் அதே சாயத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றும் தனித்தனிக் கலம் என்றார். கொல்கியோ எல்லாம் ஒரே வலை என்றே நின்றார். 1906 இல் இரண்டு பேருக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த மேடையிலும் கொல்கி விட்டுக்கொடுக்கவில்லை! சரியாகச் சொன்னவர் கஹால்.

இனி நீளத்துக்கு வருவோம். பாதத்துத் தசையை அசைக்கும் இயக்கக் கலத்தின் உடல் முண்ணாணுக்குள் இருக்கிறது. பெரியதென்றாலும் மில்லிமீற்றரில் பத்திலொன்றுதான். அதிலிருந்து புறப்படும் அக்சன் என்ற இழையோ ஒரு மீற்றர் வரை போகும். அந்தக் கலவுடலை ஒரு பனங்காய் அளவுக்குப் பெருப்பித்தால், இழை யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து நல்லூருக்கு ஏறக்குறையப் பாதி வழி போய்விடும். உள்ளங்காலில் இருந்து வரும் புலன் இழைகளும் இப்படித்தான் நீளம். அவற்றின் கலவுடல்கள் முண்ணாணுக்குப் பக்கத்திலே சிறு முடிச்சுகளில் இருக்கும்.

இழைக்கு வேண்டிய புரதங்களில் அநேகமானவை அந்தக் கலவுடலில் இருந்துதான் வரவேண்டும். சில சாமான்கள் நாளுக்கு ஒரு மில்லிமீற்றர் கணக்கில் நகரும். கால் பெருவிரலுக்குப் போய்ச் சேர மூன்று வருடம் கிட்ட ஆகும். அப்படியான இழைக்குச் சீனி வருத்தமும் சேர்ந்தால் என்ன நடக்கும்? நீளமானதன் நுனிதான் முதலில் கெடும். விறைப்பு கையில் அல்லாமல் பாதத்தில் தொடங்குவது இதனால்தான்.

என் பெரியம்மாவுக்குப் பதினைந்து வருடமாகச் சீனி. நல்லூர்த் திருவிழாவில் ஒருநாள் மத்தியான வெயிலில் மணலில் வெறுங்காலோடு வீதி சுற்றிவிட்டு வந்தார். பின்னேரம் கிணற்றடியில் கால் கழுவும்போதுதான் கண்டோம், இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம்.

"எனக்கு ஒண்டுமே சுடேல்லையடா தம்பி" என்றார்.

அடுத்த வருடமும் போனார். ஆனால் விடியப்புறம், மணல் சூடேற முதல். இரவில் படுக்கமுதல் முகம் பார்க்கும் கண்ணாடியை நிலத்தில் வைத்து, உள்ளங்காலை அதில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பார்.